பதினோராவது வழி

மார்ச் 4, செவ்வாய்

இன்று 'காது கேட்கும் கருவி' என்று முப்பத்துநான்கு முறை எழுதினேன். ஒரே கட்டுரையில். முப்பத்தைந்தாவது முறை எழுதினால் தேடுபொறிக்குச் சந்தேகம் வருமாம். முப்பத்துமூன்றோடு நிறுத்தினால் நம்மைத் திரும்பியே பார்க்காதாம். அலுவலகத்தில் இதை விஞ்ஞானம் போலச் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ஒன்பது வருடமாக ஆட்டிப் பழகிய தலை.

டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடி எங்கள் அலுவலகம். என் சட்டையெல்லாம் ரப்பர் வாசனை. வேலை எளிமையானது: இணையத்தில் யாராவது எதையாவது தேடினால், எங்களை அமர்த்தியவரின் தளம் முதலில் வந்து நிற்க வேண்டும். அவர் விற்கும் பொருள் நல்லதா என்பது வேறு துறை. அந்தத் துறை எந்த மாடியில் இருக்கிறது என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் 'முதல் பக்கம்'. வாயைத் திறந்தால் அதுதான் வரும். புது வாடிக்கையாளர் ஒரு காதுக் கருவிக் கடைக்காரர். இரண்டே அறைக் கடை. அவருடைய தளம் தேடலில் நாலாம் பக்கத்தில் கிடக்கிறது.

"நாலாம் பக்கம் வரைக்கும் வர்றவன் வாங்க வர்றவன் இல்லய்யா, பொழுது போகாதவன்," என்றார் முதல் பக்கம். "மூணு மாசம். முதல் பக்கம். என்ன?"

"சரி சார்."

எண்ணாமல் எழுதுவது இந்த நோட்டில் மட்டும்தான்.

மார்ச் 6, வியாழன்

காதுகளைப் பற்றி எழுதுகிறவனுக்கு வீட்டிலேயே பாடப்புத்தகம் இருக்கிறது. மாமனார். நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில், இரும்பு கத்துகிற கத்தலுக்குள் நின்றவர். இடது காது ஓய்வு பெறுவதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. வலது காது அரை நேரம்தான் வேலைக்கு வருகிறது.

மாமியார் போன பிறகு எங்களோடு இருக்கிறார். டிவியில் செய்தி வாசித்தால் எதிர் வீட்டுக்காரர் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

"அப்பா, ஒரு தடவை காதைக் காட்டலாம்பா," என்று மனைவி மறுபடி ஆரம்பித்தாள். கத்தித்தான்.

"என் காதுக்கு என்ன? நீங்க முணுமுணுன்னு பேசிட்டு என் காதைக் குத்தம் சொல்றீங்க."

"கருவி மாட்டிக்கிட்டா நல்லா கேக்கும்பா."

"அதெல்லாம் வயசானவங்க போடறது."

எழுபத்துமூன்று.

மார்ச் 11, செவ்வாய்

ஒரு சிக்கல். உடம்பு சம்பந்தமான கட்டுரை என்றால் கீழே ஒரு நிபுணரின் பெயரும் படமும் வேண்டுமாம். இல்லாவிட்டால் தேடுபொறி நம்பாதாம். நம்பிக்கையில்லாத உலகம்.

நிபுணர் இல்லாமல் இல்லை. கடையில் காதைப் பரிசோதிக்கும் பெண் இருக்கிறாள். அதற்கென்றே ஐந்து வருடம் படித்தவள். இருபத்தேழு வயது. அவள் படத்தை முதல் பக்கத்திடம் காட்டினேன். தர்பூசணி வாங்குகிறவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படிப்பு சரிய்யா. முகத்துல அனுபவம் இல்லியே. நரைச்ச முடி, கண்ணாடி, ஒரு கோட்டு, அப்படி யாராவது வேணும். உங்க வீட்ல யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்கள்.

கல்யாணம் ஒன்றில் மாமனார் இரவல் கோட்டு போட்டுக்கொண்டு எடுத்த படம் என் போனில் இருக்கிறது. தூரத்தை வெறித்துப் பார்க்கிறார். சாப்பாட்டுப் பந்தி எப்போது போடுவார்கள் என்று பார்த்தது அது. படத்தில் சிந்தனையாகத் தெரிகிறது.

வீட்டுக்கு வந்து அவரிடமே கேட்டேன். சிலேட்டுப் பலகையில் எழுதிக் காட்டினேன். நாங்கள் நீளமாகப் பேச அதைத்தான் வைத்திருக்கிறோம். 'ஒரு கம்பெனி வெப்சைட்டில் உங்கள் படம் போடலாமா?'

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி படித்தார்.

"கோட்டு போட்ட படமா போடுங்க மாப்பிள்ளை," என்றார்.

மார்ச் 12, புதன்

மாமனாருக்கு இன்று பதவி கிடைத்தது. 'மூத்த செவிநல ஆலோசகர். நாற்பது ஆண்டு அனுபவம்.' நாற்பது ஆண்டு உண்மை. எதில் என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

தலைப்பு வந்துவிட்டது: காது அடைப்பு நீங்க வீட்டிலேயே செய்யக்கூடிய வழிகள். எத்தனை வழிகள் என்பதுதான் கேள்வி. இப்போது முதலிடத்தில் இருக்கிற போட்டிக்காரன் பத்து வழி சொல்லியிருக்கிறான்.

"அப்போ நாம பதினொண்ணு," என்றார் முதல் பக்கம்.

பத்தையும் அவனிடமிருந்தே எடுத்து, வாக்கியங்களைத் தலைகீழாக்கி வைத்தேன். அவன் 'வெந்நீர் ஆவி பிடிக்கலாம்' என்றால் நான் 'ஆவி பிடித்தலுக்கு வெந்நீர் உதவும்'. அவனும் யாரிடமோ இப்படித்தான் எடுத்திருப்பான். கொட்டாவி விடுவது, சூயிங் கம் மெல்லுவது - உலகத்தில் யாரையும் எதுவும் செய்யாத வழிகள்.

பதினோராவது மட்டும் கிடைக்கவில்லை. மணி ஐந்து. நிமிர்ந்து பார்த்தேன். என் கறுப்புத் தேநீரில் எலுமிச்சைத் துண்டு ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

'11. எலுமிச்சைச் சாறு: வடிகட்டிய சாற்றை இரண்டு சொட்டு காதில் விட்டுச் சிறிது நேரம் தலையைச் சாய்த்திருந்தால், அடைப்பு படிப்படியாகக் கரையும்.'

'படிப்படியாக' என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம் யோசித்தேன். எலுமிச்சையைத் தேர்ந்தெடுக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை.

மார்ச் 20, வியாழன்

பரிசோதகர் பெண் அலுவலகத்துக்கே போன் செய்தாள்.

"சார், அந்தப் பதினொண்ணாவது வழி யார் சொன்னது?"

"எங்க ஆலோசகர்."

"எந்த ஆலோசகர்? படத்துல இருக்கறவரா? அவர் பேரு எந்தப் பதிவுலயும் இல்லியே."

"ரொம்ப சீனியர்ம்மா அவர்."

"சார், உள்ள சவ்வுல ஓட்டை இருந்தா என்ன ஆகும் தெரியுமா? ஓட்டை இருக்கறது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. தயவுசெஞ்சு எடுத்துடுங்க."

"எடுத்துடறேன்ம்மா."

முதல் பக்கத்திடம் போய்ச் சொன்னேன். "அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணுய்யா. அடியில பொடி எழுத்துல 'மருத்துவரை அணுகவும்'னு போட்டுடு," என்றார். போட்டேன். எறும்புகளும் பூதக்கண்ணாடி வைத்திருந்தால்தான் படிக்க முடியும்.

எடுக்கவில்லை. அவளுக்குத் திரும்பப் போனும் செய்யவில்லை.

ஏப்ரல் 9, புதன்

முதல் பக்கத்தில் மூன்றாவது இடம். முதல் பக்கம் எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு ஒரு பக்கமாகச் சாயாத நாற்காலி ஒன்று தரப்பட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

எலுமிச்சை பரவிவிட்டது.

எங்கள் பதினொன்றைப் பார்த்த போட்டிக்காரன் பன்னிரண்டு வழி போட்டான். அதில் எலுமிச்சையும் உண்டு. அவனைப் பார்த்து இன்னொருவன் பதினைந்து. ஒருவன் மூன்று சொட்டு என்கிறான். ஒருவன் தேன் கலக்கச் சொல்கிறான். ஒருவன் 'ஆய்வுகள் தெரிவிக்கின்றன' என்று ஆரம்பிக்கிறான். இன்னொருவன் 'நம் முன்னோர் அறிந்திருந்த' என்று. முன்னோர் என்றால் நான்தான். வயது நாற்பத்தொன்று.

எல்லாவற்றிலும் மாமனார் படம். கோட்டும் வெறித்த பார்வையுமாக. 'மூத்த ஆலோசகர் கருத்து' என்று போட்டு எங்கள் தளத்தைக் காட்டுகிறார்கள். பத்துப் பேர் காட்டினால் தேடுபொறிக்கு எங்கள் மேல் மரியாதை கூடும். இப்போது முதலிடம்.

பதினைந்து வயதிலிருந்து கவிதை எழுதுகிறேன். ஒரு வரியை ஒரு ஆள் திருப்பிச் சொன்னதில்லை. எலுமிச்சை ஒரே மாதத்தில் நாற்பத்துமூன்று தளம். சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கீழ்வீட்டுத் தையல்காரர் போனை நீட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். "ஐயா, இது நீங்கதானே!"

மாமனார் தன் படத்தை அரை மணி நேரம் பார்த்தார். பெரிதாக்கி, சிறிதாக்கி. கட்டுரையை முழுசாகப் படித்தார். அதைக் கடைசி வரை படித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். இரண்டாயிரம் சொல்லையும் படிப்பார்கள் என்று எதிர்பார்த்து நாங்கள் எழுதுவதில்லை.

சாயங்காலத்துக்குள் குடியிருப்பு முழுக்கச் செய்தி. மூன்றாம் மாடி அம்மாள் தன் காதில் 'ஙொய்' என்று கேட்கிறது என்று ஆலோசனை கேட்க வந்துவிட்டார். மாமனாருக்குக் கேள்வியே கேட்கவில்லை. ஆனாலும் பதில் சொன்னார்.

"எண்ணெய் காஞ்சிருக்கும். சத்தம் வந்தா எண்ணெய்தான்."

லிஃப்டுக்கு அது சரியான பதில்தான்.

மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நானும் சிரித்தேன். எழுதியது நான் என்று அவளுக்குத் தெரியாது. 'எங்கள் கம்பெனி போட்டது' என்று மட்டும் தெரியும். இரண்டும் வேறு வேறு என்று நினைத்துக்கொள்ளத்தானே கம்பெனி இருக்கிறது.

மே 6, செவ்வாய்

மாமனாருக்கு இரண்டு நாளாக வலது காதில் வலி. தலையணையில் மஞ்சளாக ஈரம். காதைத் தொட்டால் அனலாகக் கொதிக்கிறது. சொல்லவில்லை மனிதர். மனைவி துணி துவைக்கும்போது பார்த்திருக்கிறாள்.

மே 7, புதன்

ஆஸ்பத்திரி. டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"காதுல என்ன ஊத்தினீங்க?"

பலகையில் எழுதிக் காட்டினேன். மாமனார் தயங்கவில்லை.

"எலுமிச்சம்பழச் சாறு. அடைச்ச மாதிரி இருந்தது. ஒரு வாரமா, தினம் ரெண்டு சொட்டு."

"யாருங்க இதைச் சொன்னது?"

"நான்தான் சொல்லியிருக்கேன்."

டாக்டர் எங்களைப் பார்த்தார். மாமனார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தேடி - தேடவே வேண்டாம், முதலில் நிற்கிறது - டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"நீங்க காது டாக்டரா?"

கேள்வி மாமனாருக்குக் கேட்கவில்லை. அவர் தன் போக்கில் விளக்கிக்கொண்டிருந்தார். "பெரிய கம்பெனி சார். உள்ள டாக்டருங்க உக்காந்துதானே எழுதுவாங்க? என் படத்தைப் போட்டு எனக்கேவா பொய் சொல்லுவாங்க?"

நான் சுவரில் இருந்த காதின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எத்தனை அறைகள்.

சவ்வில் பழைய ஓட்டை. எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. சாறு உள்ளே இறங்கிப் புண்ணாகிவிட்டது. ஆறு மாதிரி சீழ். மருந்து, சொட்டு, மூன்று வாரம் தண்ணீர் படக்கூடாது. "இருக்கற ஒரு காது இதுதான். எவ்வளவு மிஞ்சும்னு புண் ஆறினப்புறம்தான் சொல்ல முடியும்," என்றார் டாக்டர். மனைவியிடம். என்னிடம் சொல்லியிருந்தால் எனக்கும் கேட்டிருக்காது.

மே 8, வியாழன்

தேநீரில் எலுமிச்சை வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள்.

மே 9, வெள்ளி

மனைவி சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு தளம் தளமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாருமே நல்லதுன்னுதாங்க போட்டிருக்காங்க. நாப்பது பேருக்கு மேல. ஆய்வு பண்ணியிருக்காங்களாம். அந்த டாக்டருக்குத்தான் ஒண்ணும் தெரியல போலிருக்கு. வேற டாக்டர்கிட்ட காட்டலாமா?"

நாற்பத்துமூன்று. எனக்குத் தெரியும். நாற்பத்துமூன்றும் ஒரு தேநீர்க் கோப்பையிலிருந்து வந்தது.

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. பத்து வழிகள், பதினொன்று, மணி ஐந்து, எலுமிச்சைத் துண்டு, போனில் கெஞ்சிய பெண், பொடி எழுத்து.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏதோ பஞ்சுமிட்டாய் மாதிரி எழுதறீங்க, யாருக்கும் நல்லதும் இல்ல கெட்டதும் இல்லன்னு நெனச்சேன்," என்றாள். பிறகு, "அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். எப்படிச் சொல்வது? அவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் கத்த வேண்டும். 'மாமா, உங்கள் காதைக் கெடுத்தது நான்தான்' என்று நான் கத்தினால் டயர் கடை வரை கேட்கும். அவருக்கு மட்டும் கேட்காது.

மே 10, சனி

பலகையை எடுத்தேன். 'மாமா, அந்தக் கட்டுரையை' என்று எழுதினேன். அழித்தேன். 'மாமா, தற்செயலாக' - சே. அழித்தேன். அவர் காத்திருந்தார். 'சாப்பிட்டீர்களா?' என்று எழுதிக் காட்டினேன். தலையாட்டினார்.

மனைவி பலகையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "போதும். எழுதினதெல்லாம் போதும். வாயால சொல்லுங்க."

மே 12, திங்கள்

முதல் பக்கத்திடம் போய்க் கட்டுரையை எடுக்கச் சொன்னேன்.

"அந்தப் பதினொண்ணுதான்யா ஆளைக் கூட்டிட்டு வருது! எல்லாரும் அங்கதான் வந்து நிக்கறாங்க. அதை எடுக்கறதும் கடை ஷட்டரை இறக்கறதும் ஒண்ணு."

"சார், என் மாமனாருக்குக் காதே போயிடும் போல இருக்கு."

உண்மையாகவே வருத்தப்பட்டார். முகம் வாடிவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவர் படத்தைத் தொடர்ந்து வெச்சுக்கலாம்ல?"

கீழே இறங்கி, நேராகக் காதுக் கருவிக் கடைக்கு நடந்தேன். அந்தப் பெண்ணை இன்றுதான் முதலில் நேரில் பார்த்தேன். முகத்தில் அனுபவம் இருக்கிறதா என்று கவனிக்கத் தோன்றவில்லை. சொன்னேன். அவள் 'நான்தான் சொன்னேனே' என்று சொல்லவில்லை. கடைக்காரரிடம் உள்ளே போய்ப் பேசினாள். கதவு சாத்தியிருந்தது. இருந்தாலும் ஒரு வாக்கியம் கேட்டது: "ஒண்ணு அந்தக் கட்டுரை இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

மூன்று மணிக்குள் கட்டுரை போய்விட்டது.

மே 13, செவ்வாய்

வேலை போகவில்லை. வேறு ஆள் அகப்படவில்லை. என்னைக் குளியலறை ஓடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். ஓடுகளை யாரும் காதில் ஊற்ற முடியாது என்பது ஓர் ஆறுதல். சாயாத நாற்காலியும் பறிபோனது.

மே 20, செவ்வாய்

மூலம் போய்விட்டது. பிரதிகள் நாற்பத்துமூன்றும் நலம். போட்டிக்காரன் முதலிடத்துக்கு வந்துவிட்டான், என் எலுமிச்சையோடு.

எல்லோருக்கும் எழுதினேன். ஐந்து பேர்தான் பதில் போட்டார்கள். அதில் ஒன்றை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்: 'தங்கள் கருத்துக்கு நன்றி. எமது தகவல் நாற்பது ஆண்டு அனுபவமுள்ள மூத்த செவிநல ஆலோசகரிடமிருந்து பெறப்பட்டது. தாங்கள் யார் என்று அறியலாமா?'

யோசித்துப் பார்த்தேன். பதில் எழுதவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

புண் ஆறிவிட்டது. பரிசோதனைக்கு அந்தக் கடைக்கே அழைத்துப் போனோம். சுவரெல்லாம் பஞ்சு பதித்த சின்ன அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமனார், காதில் பெரிய ஹெட்ஃபோன், சத்தம் கேட்டால் அழுத்த வேண்டிய பொத்தான் கையில். லிஃப்ட் பொத்தானை அழுத்துவது போலக் கட்டைவிரலால் அழுத்துவார் என்று நினைத்தேன்.

முதல் சில நிமிடம் அழுத்தவேயில்லை.

மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். ஒரு மாதத்தில் முதல்முறை. என்னைத்தான் பிடித்தாளா, பக்கத்தில் இருந்ததைப் பிடித்தாளா, தெரியாது.

பிறகு கட்டைவிரல் அசைந்தது. மறுபடி. மறுபடி.

"முன்ன இருந்ததுல கொஞ்சம் போயிருக்கும்," என்றாள் பரிசோதகர். "ஆனா மிச்சம் இருக்கு. கருவி போட்டா மெதுவாப் பேசினாலே கேக்கும்."

மாமனார் வெளியே வந்து பலகையைப் படித்துவிட்டுத் தலையை அசைத்தார். "வேண்டாம்மா. வயசானவங்களுக்குக் குடுங்க."

அந்தப் பெண் பலகையை வாங்கினாள். நிதானமாக எழுதினாள்: 'ஐயா, இந்தக் கடைக்கு ஆலோசகர் நீங்கள். ஆலோசகரே போட்டுக்கொள்ளாவிட்டால் மற்றவர்கள் எப்படிப் போடுவார்கள்?'

மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எந்தக் காதுக்கு முதலில் என்று கேட்டார்.

ஜூன் 12, வியாழன்

இன்று கருவி மாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு அறையாக நடந்தார். ஃபிரிட்ஜ் முன்னால் நின்று, "இது இவ்வளவு நாளும் இப்படியா கத்திட்டு இருந்தது?" என்றார். மின்விசிறியைப் பார்த்து, "பேரிங் போயிருக்கு. மாத்தணும்." சமையலறையில் மனைவி துணி துவைப்பதைப் பற்றித் தனக்குத்தானே புலம்பியதைக் கேட்டுவிட்டு, "அவ்வளவு கஷ்டமா இருந்தா நானே துவைச்சுக்கறேன்," என்றார். அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

பிறகு பால்கனியில் உட்கார்ந்தார். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். போனேன்.

கத்த வேண்டியதில்லை. அதுதான் பயமாக இருந்தது. நாங்கள் ஒரே வீட்டில் இருந்த எட்டு வருடத்தில் இவரிடம் நான் கத்தாமல் எதுவும் பேசியதில்லை. கத்துகிறவன் பாதி நடிக்கிறான். எனக்கு நடிப்பு இல்லாமல் பேசத் தெரியுமா என்றே சந்தேகமாக இருந்தது.

"மாமா," என்றேன். என் காதுக்கே கேட்காத குரலில். "அந்த எலுமிச்சையை எழுதினது டாக்டருங்க இல்ல. நான்தான். பத்து வழி இருந்தது. பதினொண்ணு வேணும்னாங்க. டீல எலுமிச்சை இருந்தது."

அவருக்குக் கேட்டது. ஒரு சொல் விடாமல் கேட்டது. முகத்தில் தெரிந்தது.

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். அதற்கும் திரும்பினார். பிறகு கருவியைக் கழற்றினார், பெட்டியில் வைத்தார், மூடினார், எழுந்து உள்ளே போனார்.

ஜூன் 13, வெள்ளி

பெட்டி மூடியே இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மூன்று நாளாக டிவியும் போடவில்லை. வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. எதிர் வீட்டுக்காரர் கதவைத் தட்டி எல்லோரும் நலமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஜூன் 17, செவ்வாய்

அலுவலகத்துக்குக் கிளம்பும்போது மாமனார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். காதில் கருவி. முன்னால் டெலிபோன், பேனா, நோட்டு.

"ஏம்பா, எத்தனை பேர் போட்டிருக்கான் அதை?"

மாப்பிள்ளை போய் ஏம்பா ஆகியிருந்தேன். நியாயம்தான்.

"நாப்பத்துமூணு."

"லிஸ்ட்டைக் குடு."

"மாமா, என்னை மன்னி-"

"இரு." கையைக் காட்டினார். "லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னா யார் தப்புன்னு அப்புறம் பேசிக்கலாம். முதல்ல உள்ள மாட்டினவங்களை வெளியே எடு. இப்போ எத்தனை பேர் காதைச் சாய்ச்சு உக்காந்திருக்கானோ. லிஸ்ட்டைக் குடு."

இன்று அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். ஓடுகள் ஒரு நாள் பொறுக்கும்.

எண்ணைத் தேடி நான் அழுத்திக் கொடுக்க, அவர் பேசினார். குரல் மட்டும் பழைய குரல்தான். அது குறைய நாளாகும் என்று பரிசோதகர் சொல்லியிருக்கிறாள்.

"அந்தப் படத்துல கோட்டு போட்டிருக்கறவன் பேசறேன்... ஆமா, ஆலோசகர்தான்... இல்ல, டாக்டர் இல்ல. லிஃப்ட் மெக்கானிக்... ஆமாய்யா, லிஃப்ட்! மேலே போகும் கீழே வரும், அது. நீ போட்ட சாறை ஊத்தி எனக்கே காது போச்சு. எடு அதை."

ஒருவன் பயந்து உடனே எடுத்துவிட்டான். ஒருவன் கெஞ்சினான். அவன் சொன்னது எனக்கும் கேட்டது: "ஐயா, உங்க படம் போட்டப்புறம்தான் எங்க தளத்துக்கு ஆளே வருது."

மாமனார் யோசித்தார். "சரி, படம் இருக்கட்டும். எலுமிச்சையை எடு."

இன்று ஏழு.

ஜூன் 21, சனி

பத்தொன்பது. கீழ்வீட்டுத் தையல்காரரும் மூன்றாம் மாடி அம்மாளும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். லிஃப்ட் மெக்கானிக் என்று தெரிந்தும் அந்த அம்மாள் காதைப் பற்றிக் கேட்டார். "அந்தப் பொண்ணுகிட்ட போங்க. படிச்ச பொண்ணு," என்று கடைக்கு வழி சொன்னார் மாமனார். மூன்று மாதத்தில் நான் இரண்டாயிரம் சொல் எழுதிச் சொன்னதை ஒரு வரியில் சொல்லிவிட்டார். பொய்யும் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

இன்றோடு முப்பத்தெட்டு. மிச்சம் ஐந்து பேருக்கு எண்ணே கிடையாது. யாருமில்லாத தளங்கள், தானாக எடுத்துத் தானாகப் போட்டுக்கொள்பவை. அவற்றின் முன்னால் என்ன செய்வதென்று மாமனாருக்கும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. போன வாரம் மாமனார் போட்டிக்காரனிடம் பேசியபோது, அவன் பணிவாகக் கேட்டானாம்: "ஐயா, அதை எடுத்துட்டா ஒண்ணு குறையுமே. அந்த இடத்துல வேற என்ன போடட்டும்?"

"ஒண்ணும் போடாதே. காதுல எதையும் ஊத்தாதே, டாக்டர்கிட்ட போ. அவ்வளவுதான்."

அவன் அப்படியே போட்டுவிட்டான். 'காதில் எதையும் ஊற்ற வேண்டாம். மருத்துவரிடம் செல்லுங்கள் - மூத்த செவிநல ஆலோசகர்.' இப்போது அதைப் பார்த்து மற்றவர்கள் எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். யாருமில்லாத தளங்களில் இரண்டு உட்பட. ஒன்றில் 'ஆய்வுகள் தெரிவிக்கின்றன' என்றும் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"என்ன அது, கீறிட்டே இருக்கீங்க? பேனா சத்தம் இங்க வரைக்கும் வருது."

"டைரி, மாமா."

"என்னைப் பத்தியா?"

"ஆமா."

"படிங்க, கேப்போம்."

நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மார்ச் நாலாம் தேதியிலிருந்து ஆரம்பித்தேன். பழக்கதோஷம், முதல் வரியையே கூரை அதிரப் படித்துவிட்டேன்.

அவர் முகத்தைச் சுளித்தார். கையால் காற்றை அமர்த்தினார்.

"மெதுவாப் படிங்க மாப்பிள்ளை. கேக்குது."